ஆலங்காட்டு ரயிலும் ரிச்சி தெருச் சாமான்களும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய அதே தடத்தில்தான், ரத்தினசபை அமைந்த திருவாலங்காடு இன்றும் சென்னையோடு பிணைந்து கிடக்கிறது. திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது 1960 ஏப்ரல் 1ஆம் தேதி; ரயில் உண்டாக்கிய பந்தமோ அதற்கு நூறாண்டு முந்தியது. மணவூருக்கும் மோசூருக்கும் நடுவே உள்ள அந்தச் சிறிய ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுகிறவர் இறங்குகிற இடம் மூர் மார்க்கெட் வளாகம். பழம்புத்தகங்களுக்கும் பழைய சாமான்களுக்கும் பேர்போன மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் தேதி தீக்கிரையான பிறகு, அந்த நிலத்தில் எழுந்த கட்டடம் அது.

பலர் ஒரே சமயத்தில் கூடி ஆடுகிற கணினி விளையாட்டுக்கு வேண்டிய சர்வரை, வெளியே வாடகைக்குப் பிடிக்காமல் தம் வீட்டு மூலையிலேயே நிறுவி நண்பர்களை அழைக்க விரும்புகிற இளைஞர் இந்தப் பாதையோரத்து ஊர்களில் எவராயினும், இறங்கிய கையோடு அவர் நாடிச் செல்வது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவைத்தான். அத்தெருவும், அதைத் தொட்டுக் கிடக்கும் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும், ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி, 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த பின் அதன் பாகங்களுக்கும், பிறகு கணினிச் சாமான்களுக்கும் படிப்படியாக மாறிய வியாபார ஸ்தலங்கள். ரேடியோவுக்கு வால்வு தேடி வந்தவரும் இன்று மதர்போர்டு தேடி வருகிறவரும் கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி, “இது எத்தனை நாள் தாங்கும்?” என்பதே. சர்வருக்குச் சாமான் பொறுக்குகிறவருக்கு அதைக் காட்டிலும் முக்கியமான கேள்வி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால், சர்வர் படம் காட்டுகிற யந்திரமன்று. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டு பி.டி.பி.-10 என்ற பெரிய கணினியில் ஓடியது. ஆடியவர்களின் எதிரே இருந்தவை எழுத்தை மட்டும் காட்டும் சாதனங்கள். 1996இல் வெளிவந்த ‘குவேக்’, யார் எங்கே நிற்கிறார், யாருடைய குண்டு யார்மீது பட்டது என்ற கணக்கையெல்லாம் ஒரு யந்திரம் ஏற்க, காட்சியை அவரவர் யந்திரம் வரைந்துகொள்ளும் ஏற்பாட்டை வீட்டுக் கணினிகளிடையே பரப்பியது. ஆகையால் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு சர்வருக்கு வீண் செலவு; இதை அறியாமல் பணத்தை அதில் கொட்டிவிட்டு, மின்சாரத்தைத் திருத்தித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டமாக வாங்குகிற பிள்ளைகளைக் கண்டால் மனம் வருந்துகிறது.

1995 ஆகஸ்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று. அதைத் தொடர்ந்து பெருகிய பிரவுசிங் சென்டர்களில் ‘கவுன்டர் ஸ்டிரைக்’ ஆட்டத்துக்கு இணைய வேகம் தேவைப்படவில்லை. ஒரு சுவிட்சும் நாலைந்து கேபிளும் போதும். அக்காலத்து மதர்போர்டுகளில் ஒரு வியாதி இருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் உலகெங்கும் தரங்குறைந்த கெப்பாசிட்டர்கள் புகுந்துவிட்டமையால், பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அச்சிறு உருளைகளின் தட்டையான தலை மெல்ல உப்பி, அதில் வெட்டியிருக்கும் கோடு பிளந்து, பழுப்பு நிறப் பசை கசியும். யந்திரம் காரணமில்லாமல் நின்று நின்று எழும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர் போர்டை வெளிச்சத்தில் சாய்த்து உருளைகளின் தலையைத் தடவிப் பார்ப்பது அதனால் உண்டான நல்ல பழக்கம். இன்றும் அதை விடலாகாது.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது திருவாலங்காடு அடங்கிய இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேதான். மாநிலம் முழுவதும் மின்வெட்டில் தவித்த காலம் அது. மேஜைக் கணினி சட்டென்று அணைந்து, ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் துரத்திவிட்டு, எழுதிக்கொண்டிருந்த கோப்பையும் கெடுத்துவிடும் வேளையில், மடிக்கணினி தன் பேட்டரியில் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு சர்வராக அதற்கு மிஞ்சிய யந்திரம் அந்நாளில் எளிய குடும்பத்துக்குக் கிடைத்திராது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது பெரிதும் ஆடப்படுகிற ‘மைன்கிராப்ட்’ சர்வர், தன் உலகத்தை வினாடிக்கு இருபது முறை, அதாவது ஒவ்வொரு ஐம்பது மில்லி வினாடிக்குள்ளும், புதுப்பித்தாக வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே கோர்மீது விழுவதால், எட்டு மந்தமான கோர்களைவிட நாலு வேகமான கோர்களே மேல். உலகத்தின் பகுதிகளை விரைந்து எடுத்துத் தர ஒரு எஸ்.எஸ்.டி. தேவை. அலுவலகங்கள் கழித்துவிட்டு ரிச்சி தெருவுக்கு வந்து சேரும் சிறிய மேஜைக் கணினிகள் இந்த லட்சணங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றன. வாங்கி வந்ததும் மூடியைக் கழற்றித் தூசியை ஊதி, பிராசஸர்மீது காய்ந்து பொருக்காகிவிட்ட தெர்மல் பேஸ்டைச் சுரண்டிப் புதிது தடவாவிட்டால், இந்த வட்டாரத்துச் சித்திரை வெயிலில் அது திணறும்.

மின்கட்டணத்தையும் கணக்கிடவேண்டும். சராசரியாகப் பதினைந்து வாட் இழுக்கும் சிறு யந்திரம் இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு யூனிட். நூறு வாட் இழுக்கும் பழைய டவர் கணினிக்கோ 144 யூனிட். 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாயிற்று; அந்தக் கணக்கில் பழைய டவர் தான் ஒன்றாகவே அவ்வளவையும் விழுங்கி மேலும் கேட்கும். முதலில் மலிவாய்த் தோன்றிய கிரயம் ஓரிரு வருஷத்தில் பொய்த்துவிடும்.

சாமானெல்லாம் சரியாக அமைந்த பின்னும் ஒரு தடை உண்டு. இணைய நிறுவனங்கள் பல, அநேக வீடுகளை ஒரே பொது ஐ.பி. முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிடுவதால், வெளியூர் நண்பர் எவ்வளவு தட்டினாலும் நம் யந்திரத்தின் கதவு திறப்பதில்லை. தனி முகவரி தருவார்களா, அதற்கு மாதம் என்ன கேட்பார்கள் என்பதைக் கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே சென்னைக்கு டிக்கெட் எடுப்பது உசிதம்.