பாளையப் போரும் பெயரற்ற முன்னோரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலம் விளையும் சரிவுகளுக்குக் கீழே அமைந்த ஊர் போடிநாயக்கனூர். முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையும், குரங்கணி வழியே மேலேறும் மலைப்பாதையும் இவ்வூரிலிருந்தே புறப்படுகின்றன. ஏல வணிகத்தால் இன்று பெயர்பெற்று விளங்கும் இவ்வூர், முன்னாளில் ஒரு பாளையத்தின் தலைமையிடம். மதுரை நாயக்கர் ஆட்சியில் நிலைபெற்ற பாளையங்கள் எழுபத்திரண்டு என்பது மரபு. அவற்றுள் கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், எரசக்கநாயக்கனூர், போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், வடகரை ஆகியவை இம்மலைத்தொடரின் நிழலிலேயே வரிசையாக அமைந்திருந்தன.

பாளையம் இருந்த ஊர்களில் பழங்குடும்பத்தார் பெருமையோடு சொல்லும் ஒரு சொல் உண்டு. தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பாளையப் போரில் வாள் பிடித்தவர் என்பதே அது. அவர் பெயர் என்ன என்று கேட்டால், பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. அவர் யாருக்காக வாள் பிடித்தார் என்ற கேள்வியோ கேட்கப்படுவதே இல்லை. கேட்கத் தேவையில்லை என்று எல்லாரும் கருதுகின்றனர். எதிரில் நின்றவன் வெள்ளையன். ஆகவே இப்புறம் நின்றவர் அனைவரும் நம்மவர் என்பது பொதுவான எண்ணம். வரலாறு அவ்வளவு எளிதாக இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை.

இரு புறமும் தமிழர்

1799 முதல் 1801 வரை தென்னாட்டில் நிகழ்ந்த போர், அந்நிய ஆட்சியை எதிர்த்த விடுதலைப் போர் என்பதில் ஐயமில்லை. பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், 1800–1801 கிளர்ச்சியை இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என்றே குறித்தார். அதே போர் ஒரு வகையில் உள்நாட்டுப் போராகவும் இருந்தது. கும்பினிப் படையில் அதிகாரிகள் வெள்ளையர். சிப்பாய்களில் மிகப் பலர் இந்த மண்ணின் மக்கள். அவர்களுக்குத் துணைநின்ற பாளையப் படைகளோ முழுவதும் தமிழகத்துப் படைகள்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராக எட்டயபுரத்துப் படை நின்றது. தப்பிச் சென்ற வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, மற்றப் பாளையக்காரர்கள் அழைத்து வரப்பட்டு அதைக் காணுமாறு செய்யப்பட்டனர்.

சிவகங்கையில் பிளவு அரச குடும்பத்திற்குள்ளேயே நிகழ்ந்தது. மருது சகோதரர்கள் வேங்கன் பெரிய உடையத் தேவரின் பக்கம் நிற்க, கும்பினி அரச மரபின் மற்றொரு கிளையைச் சேர்ந்த படமாத்தூர் கௌரிவல்லப உடையத் தேவரை 1801-இல் ஜமீன்தாராக ஏற்றது. இராமநாதபுரத்தில் முத்துராமலிங்க சேதுபதி 1795-இல் பதவி நீக்கப்பட்டுச் சிறையில் இருக்க, உடன்பிறப்பு முறையினரான மங்களேசுவரி நாச்சியார் 1803-இல் ஜமீன்தாரிணியாகச் சனது பெற்றார். ஒரே குலத்தில் ஒருவர் சிறைக்கும் ஒருவர் சீமைக்கும் உரியவராயினர்.

ஒரே மனிதர் இரு பக்கமும் நின்றதும் உண்டு. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த யூசுப்கான், கும்பினியின் தளபதியாக நின்று பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை வென்றவர். பின்னர் அதே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையைக் காத்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரை முன்னோராகக் கொள்வோர் எந்தப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பர்?

ஒரே சீமை, இரு விதி

போடிநாயக்கனூர் அமைந்த திண்டுக்கல் சீமை, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவின் கையிலிருந்து கும்பினியின் கைக்கு மாறியது. அதன் பின்னர் நில அளவை, வரித் திட்டம், கிஸ்தி பாக்கி, பாளையப் பறிமுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இச்சீமையில் கிளர்ச்சியின் தலைமையை ஏற்றவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். பழனி மலையின் வடபுறச் சரிவில் அமைந்த அவரது பாளையம், கணவரை இழந்த வேலு நாச்சியாருக்கு முன்னரே அடைக்கலம் தந்த இடம். 1801-இல் விருப்பாட்சி வீழ்ந்தது. கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் காளையார்கோயில் வீழ்ந்தபின், ஊமைத்துரையும் திண்டுக்கல் சீமைக்குள் வந்தே பிடிபட்டார்.

விருப்பாட்சியில் பாளையம் அழிந்தது. போடிநாயக்கனூரில் பாளையம் ஜமீனாக மாறி, 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நிலைத்தது. இங்கே அரண்மனை நிற்கிறது. அதன் சுவர்களில் ஓவியங்கள் இருக்கின்றன. முன்னோரைத் தேடுவோர் மனத்தில் கொள்ளவேண்டிய முதல் உண்மை இதுவே. நிலைத்த இடத்தில் ஏடு எஞ்சும். அழிந்த இடத்தில் ஏடும் அழியும். ஆகவே ஆவணத்தில் பெயர் இல்லை என்பதால் ஒருவர் போரிடவில்லை என்று ஆகாது. பெயர் இருப்பதாலேயே அவர் வீரராக நின்றார் என்றும் ஆகாது.

தேடும் வழிகள்

தேடல் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். குலதெய்வக் கோயிலில் பெருந்தெய்வத்திற்கு அருகே தனியே ஒரு கல்லோ பீடமோ இருந்து, அதற்குப் 'பட்டவன்' என்ற பெயரும் வழங்குமானால், அங்கே ஆயுதத்தால் மாண்ட ஒரு மனிதனின் நினைவு உறைந்திருக்கக்கூடும். பட்டான் என்றால் போரில் இறந்தான் என்பது பழந்தமிழ் வழக்கு. சேர்வை, காவல், அம்பலம் போன்ற பட்டங்களும், திருவிழாவில் முதலில் பரிவட்டம் பெறும் உரிமையும் பழைய பணிகளின் தடயங்கள்.

அடுத்தது நிலம். போரில் மாண்டவரின் குடும்பத்திற்கு நிலம் விடும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. கல்வெட்டுகள் அதனை உதிரப்பட்டி என்கின்றன. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலங்கள் யாரால், எதற்காக, யாருக்கு விடப்பட்டன என்று கேட்டுப் பதிவேடுகள் தயாரித்தது. அவற்றில் கொள்ளுப்பாட்டன்மாரின் பெயர்கள் கிடைக்க வாய்ப்புண்டு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்துக் கடிதப் போக்குவரத்து உள்ளது. காலின் மெக்கன்சி திரட்டிய பாளையக்காரர் வம்சாவளிகள் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. வம்சாவளியைப் படிப்போர் ஒன்றை மறக்கலாகாது. அது தலைவனின் பெருமையை உரைப்பதற்கு எழுதப்பட்டது. அவனுக்குக் கீழ் நின்ற காவற்காரனின் பெயரை அதில் தேடுவது பெரும்பாலும் வீண்முயற்சி.

மூன்றாவது வழி கதைப்பாடல். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலும் கான்சாகிபு சண்டையும் எளிய மக்களின் நினைவில் நின்ற போரைக் காட்டுவன. அவற்றில் வரும் பெயர்களை ஆவணத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளவேண்டும்; ஒப்பிடாமல் ஏற்பதும் தவறு, ஒப்பிடாமல் தள்ளுவதும் தவறு.

வீட்டில் ஓர் ஆயுதமும் இல்லையே என்று வருந்துவோர், 1801 டிசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கையை நினைக்கவேண்டும். அதன்படி மக்கள் தம் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு கட்டளையிடப்பட்டனர். பாளையத்துக் காவலும் பறிபோயிற்று. வாளை இழந்தவர்கள் ஏரைப் பிடித்தனர். பின் வந்த தலைமுறையினருள் பலர், மலைமேல் ஏலமும் காப்பியும் தேயிலையும் பயிரிடப்பட்டபோது கூலிகளாகவும் கங்காணிகளாகவும் வணிகராகவும் மேலேறினர். மேலே இருந்தது திருவிதாங்கூர் அரசின் எல்லை; 1956-க்குப் பின் அது கேரளம். எனவே போடிக் குடும்பமொன்றின் வரலாற்றில் ஒரு பாதி சென்னையிலும் மறு பாதி திருவனந்தபுரத்திலும் கிடக்கக்கூடும்.

பெயர் எழுதப்படாத மகன்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே 24 அன்று இரண்டாம் முறையாக வீழ்ந்தது. அப்போரில் கும்பினித் தரப்பில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியை எழுதியுள்ளார். போர் முடிந்த களத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடிச் சென்றாள். அவன் குற்றுயிராய்க் கிடந்தான். அவள் அவனைத் தூக்க முயன்றபோது, தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு அவன் வேண்டினான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று ஒரு வீட்டில் கிடத்தினர். எட்டயபுரத்தார் தேடிவந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஓலமிட்டனர். வந்தவர்கள் நோய்க்கு அஞ்சி ஓடினர்.

ஊமைத்துரை அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயர் நிலைத்தது. அந்த மகனின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. அந்தத் தாயின் பெயரும் எவருக்கும் தெரியாது. ஆயினும் அவளுக்கு வேறு பிள்ளைகள் இருந்திருக்கலாம். அவர்களின் வழியில் வந்தோர் இன்றும் எங்கோ வாழலாம். அம்மைக்கு அஞ்சி ஓடிய எட்டயபுரத்துக் காவலர்களுக்கும் வழித்தோன்றல்கள் உண்டு. அவர்களும் தங்கள் பாட்டன் பாளையப் போரில் நின்றவர் என்று சொன்னால், அது பொய்யாகாது.

நாடு கடத்தப்பட்டோரின் நிலை இன்னொரு துயரம். வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். 1818-இல் பினாங்குக்குச் சென்ற வெல்ஷ், தம்முன் வந்து நின்ற துரைசாமியை அடையாளம் காணவில்லை. இளமையில் நாடிழந்தவர், நடுவயது முற்றும் முன்னரே முதியவராய்த் தோன்றினார்.

எண்ணும் எடுத்துக்கொள்வதும்

1801-க்கும் இன்றைக்கும் இடையே ஏறத்தாழ எட்டுத் தலைமுறைகள் உள்ளன. எட்டாம் தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் முன்னோர் நிலைகள் 256. தந்தைவழி மரபில் சொல்லப்படும் அந்த ஒரே பாட்டன், 256 பேருள் ஒருவர் மட்டுமே. முறைமாமனையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கத்தால், ஒரே மனிதர் பல நிலைகளில் திரும்ப வரலாம். அப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும், எஞ்சுவோர் அனைவரும் ஒரே கொடியின் கீழ் நின்றனர் என்று எவரும் உறுதி கூற முடியாது. கிளர்ச்சியில் நின்றவர், கும்பினிச் சிப்பாய், இரு படைக்கும் நெல் அளந்தவர், இரு படைக்கும் அஞ்சி மலையேறியவர் ஆகிய எல்லாரும் ஒரே குருதியில் கலந்திருக்கலாம். அவர்களுள் பாதிப் பேரான பெண்களை எந்த வம்சாவளியும் கணக்கில் கொள்ளவில்லை.

இதனால் நன்மையும் தீமையும் ஒன்றாகிவிடா. தூக்குமேடை ஏறியவர்களின் தியாகம் பெரியது. அவர்களைக் காட்டிக்கொடுத்த செயல் சிறியது. ஆயினும் அச்சிறுமையை ஓர் ஊரின் மேலோ ஒரு குலத்தின் மேலோ ஏற்றிவைத்து, 'எட்டப்பன்' என்று வசைச்சொல் ஆக்கி வழங்குவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அந்த எட்டயபுரத்தில்தான் 1882-இல் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். அவருக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் அவ்வூரில்தான். விடுதலையைப் பாடிய வாய் எந்த மண்ணில் திறந்தது என்பதை நினைத்தால், முன்னோர் நின்ற பக்கம் பின்னோரைக் கட்டுப்படுத்தாது என்பது விளங்கும்.

போடிநாயக்கனூரை உள்ளடக்கிய தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழி எழுத்துப் பொறித்த அக்கற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனின் கல். அவன் ஆநிரை கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதை அக்கல் விரித்துரைக்கவில்லை. ஊரையும், நிகழ்ச்சியையும், இறந்தவனின் பெயரையும் மட்டும் எழுதி நிறுத்திற்று.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாண்டவர்களுக்கு அந்த அளவு நீதியும் கிடைக்கவில்லை. இன்று முன்னோரைத் தேடுவோர் செய்யத்தக்கது, கல் செய்த பணியே. குலதெய்வக் கோயில் பூசாரியிடமும், வீட்டு மூதாட்டியரிடமும் எஞ்சியுள்ள பெயர்களை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். எந்தப் பக்கம் நின்றார் என்பது தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். கவிஞர்களுக்கோ இதில் தனிக்கடன் உண்டு. தலைவர்களைப் பாடிய பாடல்கள் நிறைய இருக்கின்றன. தன்னை விட்டுவிட்டு மற்றவரைக் காப்பாற்றச் சொன்ன அந்த மகனும், பெற்ற மகனைக் களத்தில் விட்டுத் திரும்பிய அந்தத் தாயும் தங்களுக்குரிய கல்லுக்காக இன்னும் காத்திருக்கின்றனர்.