கடலை போட்ட கதை

தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சமையலறைக் கடலையைப் பார்த்துவிடுவோம்.

மண்ணூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேண்டீன் பலகையில் ஒருநாள் ‘மாலை: கடலை’ என்று எழுதியிருந்தது. தட்டில் வந்ததோ கொண்டைக்கடலைச் சுண்டல். வறுத்த வேர்க்கடலையை எதிர்பார்த்து வந்த மதுரைக்காரர், “கடலை எங்கப்பா?” என்றார். பரிமாறியவர், “இதுதானே சார் கடலை!” என்றார். விழுப்புரத்துப் பயிற்சிப் பையன் ஒருவன், “சார் கேக்கறது மல்லாட்டைங்க” என்று பஞ்சாயத்தை முடித்து வைத்தான். யோசித்துப் பார்த்தால் மூன்று பேர் சொன்னதும் சரிதான்.

கடலை என்றால் முதலில் கொண்டைக்கடலைதான். மேற்கு ஆசியாவில் தோன்றி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்ட பயறு அது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் கடலைக்கு அந்தப் பொருளைத் தருகிறது. மலையாளிகளுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் இன்றும் கடலை என்றால் கொண்டைக்கடலைதான்.

வேர்க்கடலை பின்னால் வந்த விருந்தாளி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகு போர்த்துகீசிய, ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது. மணிலா நகரின் பெயரோடு ‘மணிலாக்கொட்டை’ ஆனது. அதுவே பேச்சில் தேய்ந்து ‘மல்லாட்டை’ ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மண்ணில் இது பெருமளவு பயிராகி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது.

மற்ற ஊர்க்காரர்கள் புது விருந்தாளிக்குப் பழைய பெயரையே கொஞ்சம் மாற்றி வைத்தார்கள்: நிலக்கடலை, வேர்க்கடலை. கன்னடத்தில் கடலெகாயி. தெலுங்கிலும் இதே கதை: செனகலு என்றால் கொண்டைக்கடலை, வேருசெனகலு என்றால் வேர்க்கடலை. யாழ்ப்பாணத்தார் மட்டும் ‘கச்சான்’ என்று தனிப்பெயர் கொடுத்து, கடலையை அப்படியே விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. பூ வாடியபின் அதிலிருந்து விழுது இறங்கி, மண்ணுக்குள் போய்க் காயாகிறது.

விருந்தாளி மெல்ல வீட்டுக்காரரும் ஆகிவிட்டார். உங்கள் வீட்டு அடுப்படியைப் பாருங்கள். கடலை மாவும் கடலைப்பருப்பும் கொண்டைக்கடலை வகையைச் சேர்ந்தவை. கடலை எண்ணெயும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வேர்க்கடலையைச் சேர்ந்தவை. ஒரே சொல், இரண்டு செடி. ஆனால் மாவுக்குப் பதிலாக எண்ணெயை எடுத்துக் கொடுத்த அம்மா யாருமில்லை!

மூன்றாவது பொருளை நம்மைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள்தான் கொடுத்தோம். பையனும் பெண்ணும் நின்று பேசினால் ‘கடலை போடுறாங்க’. கொஞ்ச நேரம் கூடிவிட்டால் ‘கடலை கருகுதுடா மச்சி’. பொட்டலத்தைப் பிரித்தால் ஒவ்வொன்றாகக் கொறித்துக்கொண்டே இருப்போம், பேச்சும் அப்படித்தானே என்று விடுதியில் விளக்கம் சொல்லிச் சிரிப்போம். நல்ல உவமைதான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் வகுப்புத் தோழி ஒருவர், பக்கத்து மேசை நண்பனிடம் மின்சுற்றில் ஒரு சந்தேகம் கேட்டார். “கடலை கருகுது!” என்று பின்னாலிருந்து கத்தியவன் நான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கப்புறம் அந்தப் பெண் பையன்கள் யாரிடமும் சந்தேகம் கேட்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க, தெரியாததைத் தெரியாமலேயே வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அது ஒரு நிமிஷத் தமாஷ்.

இன்று என் லைனில் ஷிஃப்ட் பொறுப்பாளர் ஒரு பெண். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிஷம் நின்று பேசுவோம். எந்த இயந்திரம் சத்தம் போடுகிறது, எந்த அளவு தள்ளிப் போகிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெரியும். அது இல்லாவிட்டால் அடுத்த எட்டு மணி நேரமும் பழுதான பாகங்கள்தான் வெளியே வரும். அப்படி நிற்கும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நான் கத்தியது ஞாபகம் வரும்.

சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி இல்லை, பேசுகிறவர்கள்தான். அகராதி பின்னால் வந்து எழுதிக்கொள்கிறது. கடல் தாண்டி வந்த ஒரு பயிருக்குத் தன் பெயரையே கொடுத்து இடம் தந்த சொல்லை, பக்கத்து பெஞ்சில் இருந்தவரின் வாயை அடைக்க நான் பயன்படுத்தினேன். தம்பிகளே, கேலி பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் சந்தேகம் கேட்கும்போது மட்டும் வேண்டாம்.

அந்தத் தோழி இந்தச் சந்திப்புக்கு வந்திருந்தால் நேரில் மன்னிப்புக் கேட்பேன். கையில் ஒரு பொட்டலம் மல்லாட்டையும் கொண்டுவருகிறேன். எல்லாரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவோம்.