உடும்பு: பிடியும் பெயரும்

தமிழில் உடும்பு, மலையாளத்திலும் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உடு. நான்கு மொழிகளும் இவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கும் சொல் பழஞ்சொல்லாகத்தான் இருக்க வேண்டும். வடக்கே வேர் வேறு. சமஸ்கிருத 'கோதா' இந்தியில் 'கோஹ்' ஆயிற்று. சிங்களத்தில் தலகொயா, கபரகொயா என்ற இரண்டு பெயர்களின் வாலிலும் அதுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பசியில் வாடும் பாணர் சுற்றத்தின் விலாவெலும்புகளைக் கோவூர் கிழார் புறநானூற்றில் தோலுரித்த உடும்புக்கு ஒப்பிடுகிறார். உரித்துப் பார்த்தவர்கள் நடுவே பிறந்த உவமை அது. உரித்த தோலுக்கும் வேலை இருந்தது. கஞ்சிராவின் முகம் நெடுங்காலம் உடும்புத்தோல்தான். வாசிப்பவர் உட்புறம் விரலால் நீர் தடவிச் சுருதியை இறக்குவார். இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

ஆனால் சொல்லைப் பேச்சில் வாழவைத்தது பிடிதான். உடும்பு பொந்துக்குள் நுழைந்தால் நகங்களை ஊன்றி, உடலை உப்பிக்கொள்ளும். வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. 'உடும்புப்பிடி' பிறந்தது இதிலிருந்து. 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழி, பிடிக்கப் போய்ச் சிக்கிக்கொண்டவன் புலம்பல். மராத்தியில் உடும்பின் பெயர் 'கோர்பட்'. கோர்படே என்ற குடும்பப் பெயருக்கும் அதையே மூலமாகச் சொல்வார்கள். 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே, யஷ்வந்தி என்ற வளர்ப்பு உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிச் சிங்ககட் கோட்டையில் ஏறினார் என்பது கதை. ஒரு ஆளின் எடையை அந்தப் பிராணி தாங்குமா? நான் நம்பவில்லை. இருந்தும், உடும்பை மனிதன் வளர்த்ததாக நம் நாட்டில் சொல்லப்படும் கதைகளில் இதுவே பேர்பெற்றது.

ஐரோப்பியர் கையில் பெயர் குழம்பியது. அரபியில் இது 'வரல்'. அதை ஜெர்மானிய மொழியில் 'எச்சரி' என்று பொருள்படும் சொல்லோடு குழப்பிக்கொண்டதால்தான் எச்சரிப்பவன் என்ற பொருளில் லத்தீன் 'மானிட்டர்' வந்தது என்பார்கள். முதலை வருவதை முன்கூட்டிச் சொல்லும் என்று கதையும் கட்டினார்கள். 1820-இல் விலங்கியலாளர் மெர்ரம் வைத்த 'வரானஸ்' என்ற பேரினப் பெயர் அரபுச் சொல்லுக்கே திரும்பியது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரோ இதை 'குவானா' என்றார்கள். அது அமெரிக்க இகுவானாவின் பெயர். ஆஸ்திரேலியாவில் 'கோவான்னா' என்று நிலைத்தே விட்டது. இகுவானா இலை தின்னும். உடும்பு பிளவுபட்ட நாக்கை நீட்டி மோப்பம் பிடித்து இரை தேடும்.

மேலைநாட்டுச் செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் விற்கும் உடும்பு வகை ஆப்பிரிக்காவின் சவன்னா மானிட்டர். காட்டில் பூச்சி, நத்தை தின்று, மண்ணில் வளை தோண்டி வாழ்வது. கண்ணாடிப் பெட்டியில் ஆழமான மண் கிடையாது, தீனியோ எலி. கொழுப்பேறிப் பல அற்பாயுளில் சாகின்றன.

இங்கே யாராவது 'மானிட்டர் லிசார்ட் குட்டி' என்று விலை பேசினால், அது பெரும்பாலும் நம்மூர் உடும்புதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொல்லையில் உடும்பு வந்தால் கோணியைத் தேடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.