கொட்டியாரக் கைதியின் விவிலியமும் திரித்துவ வசனமும்

1660ஆம் ஆண்டு திருகோணமலைக் குடாவின் தென்கரையிலுள்ள கொட்டியாரத்திற் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட ரொபேட் நொக்ஸ், பின்னர் ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து ஆங்கில விவிலியமொன்றைப் பெற்றார். தந்தை, வார்த்தை, ஆவி ஆகிய மூவரும் ஒன்றே எனக் கூறும் வசனம் (1 யோவான் 5:7) அக்காலத்து ஆங்கில விவிலியங்களில் இடம்பெற்றிருந்தது. திரித்துவத்தை அத்துணை வெளிப்படையாகக் கூறும் பிறிதொரு வசனம் இல்லை.

ஆயின் அது பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிற் காணப்படவில்லை. 1516, 1519 பதிப்புகளில் அதனைச் சேர்க்காத எராஸ்மஸ், கண்டனங்கள் எழுந்த பின்னர் 1522இற் சேர்த்தார். மத்தேயு 28:19 மூவரையும் ஒருங்கே கூறினும், அவர்தம் ஒருமையை விளக்கவில்லை. யோவான் நற்செய்தியோ வார்த்தையைக் கடவுளென்றும் (1:1), தந்தை இயேசுவினும் பெரியவரென்றும் (14:28) கூறுகின்றது. இத்தகைய கூற்றுகளை இணக்கிக் கோட்பாடு வகுத்தவை நைசியா (325), கொன்ஸ்தாந்திநோப்பிள் (381) சங்கங்களாம்.

தமிழிற் பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு அவ்வசனத்தை இன்றும் தாங்கி நிற்கின்றது. கத்தோலிக்கர் பயிலும் திருவிவிலியமோ (1995) அதனை நீக்கியுள்ளது. எனினும் திருகோணமலையில் இரு சபையாரும் திரித்துவத்தையே அறிக்கையிடுகின்றனர். ஆகவே அக்கோட்பாடு விவிலியத்திலிருந்து சபை வருவித்த விளக்கமேயன்றி, அதில் நேரே எழுதப்பட்ட கூற்றன்று என்பது எமது முடிபு. இது விசுவாசத்தை மறுப்பதன்று. மூலம் எது, விளக்கம் எது எனப் பகுத்தறியும் உரிமையை வாசகர்க்கு வேண்டுவதேயாம்.