கூடம், தட்டு, பயணம்: அண்டர்கிரவுண்ட் நடன இசையில் டிஜே தொழில் உருவான வரலாறு

பிறர் பாடிப் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிடுவது எப்போது ஒரு தனித் தொழிலாயிற்று? அதற்குக் கூலி கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார்? டிஜேக்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இசையின் அழகையும் இரவுகளின் பரவசத்தையும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வயிற்றுப்பாட்டைப் பற்றிய பேச்சு ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். இக்கட்டுரை அந்த ஓரிரு வரிகளிலேயே தங்கி நிற்க விரும்புகிறது. நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய அமெரிக்க நகரங்களில், 1970 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குள், டிஜேயின் பிழைப்பு எதை நம்பி நின்றது, அது எப்படி இடம் மாறியது என்பதே இதன் பொருள்.

அண்டர்கிரவுண்ட் என்று அழைக்கப்பட்ட அந்த நடன இசைக்கு முதலில் ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தற்பாலீர்ப்பினர். நகரத்தின் பகட்டான கிளப்புகளில் பலருக்கு வாசலிலேயே வரவேற்பு இருந்ததில்லை. அவர்களுக்கென்று ஒரு கூடம் தேவைப்பட்டது. டிஜே என்ற தொழிலாளியை உருவாக்கியது அந்தக் கூடம்தான் என்பது என் முடிபு.

மது விற்காத கூடங்கள்

1970 பிப்ரவரி 14 அன்று டேவிட் மன்கூசோ என்பவர் நியூயார்க்கின் 647 பிராட்வேயில் தான் குடியிருந்த விசாலமான மாடியறையில் நண்பர்களுக்கு ஒரு நடன விருந்து வைத்தார். பின்னாளில் ‘த லாஃப்ட்’ என்று பெயர் பெற்ற தொடர் விருந்துகளின் முதல் இரவு அது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி. வாசலில் சிறு கட்டணம். உள்ளே பழமும் பானமும் உண்டு, மது விற்பனை கிடையாது. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ், சிகாகோவின் வேர்ஹவுஸ் ஆகியவையும் மதுக்கடை உரிமம் இல்லாமலே நடந்தன.

இந்த ஒரு செய்தியில் தொழிலின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. மது விற்கும் இடத்தில் ஆடுபவர் களைத்துப்போய் மேசைக்குத் திரும்பினால்தான் கல்லா நிறையும். அங்கே பாட்டுப் போடுபவர் ஆட்டத்தை அவ்வப்போது தணித்து, ஆட்களை மேசைப் பக்கம் அனுப்ப வேண்டும். மது இல்லாத கூடத்தில் வருமானம் வாசலில் வந்துவிடுகிறது. வந்தவர் விடியும்வரை ஆடி, அடுத்த வாரமும் திரும்பி வர வேண்டும். முதலாளியின் கவலை அவ்வளவுதான். மது உரிமம் இல்லாததால் மதுக்கடைகளுக்கான மூடும் நேரக் கட்டுப்பாடும் இந்த இடங்களைத் தொடவில்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒருவரே இசைக்கலாம். மெதுவாகத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி உச்சத்துக்கு ஏற்றி, காலை வெயிலில் இறக்கிவைக்கும் அந்த நீண்ட கட்டமைப்பு வாசற்கட்டணத்தின் பிள்ளை. கலையின் வடிவத்தைக் கல்லாப்பெட்டி எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

கைத்திறன் வேறொரு முனையில் வளர்ந்தது. நியூயார்க்கில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்கிய ‘சாங்க்சுவரி’ கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராஸோ இரண்டு தட்டுகளின் தாளத்தைப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டம் நிற்காமல் கடந்தார். தட்டுக்கும் சுழல்மேடைக்கும் நடுவே வழுக்கும் துணி வட்டம். கீழே மேடை சுழன்றுகொண்டிருக்க, மேலே தட்டை விரல் நுனியால் பிடித்து நிறுத்தி, ஹெட்போனில் ஒற்றைக் காதால் கேட்டு, முதல் தட்டின் அடி விழும் கணத்தில் விடுவது. டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 சுழல்மேடை 1972இல் வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நீளமான நகர்த்தி இருந்தது. நிமிடத்துக்கு 116 அடி விழும் பாட்டை 120க்கு ஏற்ற வேண்டுமென்றால் மூன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான நகர்த்தல். பழகிய கைக்கு அது ஒரு விரல் அசைவு; அந்த அசைவைப் பழக்கிக்கொள்ள எத்தனையோ இரவுகள் வேண்டும்.

தட்டு யார் கொடுப்பார்?

கூடம் கூலி கொடுத்தது. ஆனால் சரக்கு டிஜேயின் சொந்தச் செலவு. வானொலி நிலையங்களுக்குப் புதிய தட்டுகளை இலவசமாக அனுப்பிய நிறுவனங்கள், கிளப்பில் இசைப்பவரைத் தங்கள் அலுவலகங்களில் காத்திருக்க வைத்தன. இத்தனைக்கும் விற்பனையை உயர்த்தும் வலு கிளப்புக்கு இருந்தது. கேமரூன் இசைக்கலைஞர் மனு டிபாங்கோவின் ‘சோல் மகோசா’வை மன்கூசோ புரூக்ளின் கடை ஒன்றில் கண்டெடுத்து லாஃப்டில் இசைத்தார். அங்கிருந்து கிளப்புகளுக்கும் வானொலிக்கும் பரவிய அந்தப் பாட்டு 1973இல் பில்போர்டு பட்டியலில் 35ஆம் இடம்வரை ஏறியது.

1975இல் மன்கூசோவும் நண்பர்களும் நியூயார்க் ரெக்கார்டு பூல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிறுவனங்கள் தட்டுகளைப் பூலுக்கு மொத்தமாகக் கொடுக்கும். உறுப்பினர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எப்படி ஆடியது என்று எழுதிக் கொடுப்பார்கள். டிஜேக்கள் தங்களைத் தொழிலாளிகளாக எண்ணி ஒன்றுகூடிய முதல் தருணம் என்று இதைக் கொள்ளலாம். சங்கம் என்ற பெயர் அதற்கு இல்லை, ஆனாலும் செய்த வேலை அதுதான். பின்னர் ஜூடி வைன்ஸ்டைன் ‘ஃபார் த ரெக்கார்டு’ என்ற தனிப் பூலை நடத்தினார். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வரும்.

1976இல் சல்சோல் நிறுவனம் ‘டென் பர்சென்ட்’ பாடலை 12 அங்குலத் தட்டாகக் கடைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் 12 அங்குலத் தனிப்பாட்டுத் தட்டு அது. டிஜே வால்டர் கிப்பன்ஸ் அந்தப் பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டித்திருந்தார். அகலமான தட்டில் பள்ளங்களுக்கு இடம் அதிகம். அடித்தொனி அதிர்ந்து ஒலித்தது. கூடத்தில் கற்றதை ஸ்டூடியோவில் விற்க முடியும் என்று அந்தத் தட்டு காட்டியது. ஆனால் ரீமிக்ஸ் செய்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒருமுறைக் கூலி. பாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் பங்கு இல்லை என்ற வழக்கம் அங்கேயே வேர்பிடித்துவிட்டது.

நாடாவும் பிளேடும்

லேரி லெவனும் ஃபிராங்கி நக்கிள்ஸும் நியூயார்க்கில் ஒன்றாக வளர்ந்த டிஜே நண்பர்கள். லெவன் பாரடைஸ் கராஜில் நிலைத்தார். சிகாகோவில் ராபர்ட் வில்லியம்ஸ் தொடங்கிய கூடத்துக்கு 1977இல் நக்கிள்ஸ் போனார். 206 சவுத் ஜெஃபர்சன் தெருவில் மூன்று மாடிக் கட்டடம். பெயர் வேர்ஹவுஸ், அதாவது கிடங்கு. சனி நள்ளிரவில் தொடங்கும் ஆட்டம் ஞாயிறு நண்பகல்வரை நீளும். அங்கே ஒலிக்கும் பாட்டுகளைத் தேடி இளைஞர்கள் தட்டுக் கடைகளுக்குப் போக, கடைக்காரர் வேர்ஹவுஸில் கேட்டவை என்று சீட்டு எழுதி வைக்க, அந்தச் சொல் தேய்ந்து ‘ஹவுஸ்’ ஆனது என்பது பெயர்க்காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுவது.

1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது; அன்று நடக்கவிருந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவே இல்லை. வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்தார். மக்கள் எரிக்கக் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவுக்குத் தொடர்பே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைப் பார்த்ததாக அவர் பின்னாளில் சொன்னார். அந்த இரவை இசை ரசனைச் சண்டை என்று சொல்லிக் கடந்துபோகும் எழுத்துகளை என்னால் ஏற்க முடியவில்லை.

அதன்பின் பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைகழுவின. புதிய தட்டுகள் வற்றின. ஆனால் வேர்ஹவுஸில் சனிக்கிழமை வரத்தானே செய்யும்? இருந்த பாட்டுகளையே நக்கிள்ஸ் வெட்டி ஒட்டத் தொடங்கினார். இந்த வேலையைச் சற்று அருகே நின்று பார்க்க வேண்டும். வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் ஒலிநாடாவில், நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டு என்றால், ஓர் அடிக்கு ஏழரை அங்குலம் நாடா. நான்கு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு முப்பது அங்குலம். நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, முரசொலி தொடங்கும் புள்ளியைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, உலோகத் தாங்கியில் கிடத்திச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி, பின்புறம் ஒட்டுநாடா பதிக்க வேண்டும். இரண்டு சுற்று நீளும் முரசுப் பகுதியைப் பதினாறு சுற்றாக்க வேண்டுமானால் பல பிரதிகள், பல ஒட்டுகள். கால் அங்குலம் தவறினாலும் ஆடுபவரின் கால் அதைக் கண்டுபிடித்துவிடும். இப்படி உருவான பாட்டு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. அந்தக் கூடத்துக்கு வந்தால்தான் கேட்கலாம். டிஜேயின் மதிப்பு அவரிடம் உள்ள தட்டிலிருந்து அவர் செய்யும் மாற்றத்துக்கு நகர்ந்தது இங்கேதான்.

1982இன் இறுதியில் நக்கிள்ஸ் வேர்ஹவுஸை விட்டு விலகி, பவர் பிளாண்ட் என்ற சொந்தக் கூடத்தைத் தொடங்கினார். வில்லியம்ஸின் அடுத்த கூடமான மியூசிக் பாக்ஸில் ரான் ஹார்டி அமர்ந்தார். டெட்ராய்டிலிருந்து வந்த டெரிக் மே, ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-909 தாள இயந்திரம் ஒன்றை நக்கிள்ஸிடம் விற்றார். அதன் பின் கூடத்திலேயே தட்டுக்கு அடியில் இயந்திரத்தின் அடி சேர்ந்தது.

தட்டு அச்சிட்டவர்கள்

1984இல் சிகாகோ டிஜே ஜெசி சாண்டர்ஸ் ‘ஆன் அண்ட் ஆன்’ பாட்டை வெளியிட்டார். அவர் தன் அடையாளமாக வைத்திருந்த ஒரு தட்டு திருட்டுப்போனது. அதை மறுபடி உருவாக்கும் முயற்சியில் பிறந்த பாட்டு இது. உடன் உழைத்தவர் வின்ஸ் லாரன்ஸ், ஐந்தாண்டுகளுக்கு முன் மைதானத்தில் இருக்கை காட்டிய அதே இளைஞர். ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இசைக்கருவி கற்காத பிள்ளைகள்கூட, நம்மாலும் முடியும் என்று கிளம்பினார்கள்.

ரோலண்டின் டிபி-303 இந்த இடத்தில் வருகிறது. பேஸ் கிதாருக்கு மாற்றாக வடிவமைக்கப்பட்டு விலைபோகாமல் நின்றுபோன கருவி. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. டிஜே பியரும் இரு நண்பர்களும் ஃப்யூச்சர் என்ற பெயரில் அதன் குமிழ்களைத் திருகி ஓர் ஒலியைக் கண்டார்கள். நாடாவை ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் முறை ஒலித்தபோது ஆட்டக்களம் காலியானதாகவும், அதே இரவில் ஹார்டி நான்கு முறை அதை இசைத்ததாகவும், நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியதாகவும் பியர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று அது தட்டானது. வாராவாரம் தன்னை நம்பி வரும் கூட்டம் இல்லாவிட்டால், களத்தைக் காலிசெய்த பாட்டை எந்த டிஜே மறுபடி போடத் துணிவார்?

தட்டு வந்தது, காசு முழுதாக வரவில்லை. ஜேமி பிரின்சிபிள் எழுதிப் பாடிய ‘யுவர் லவ்’ டிராக்ஸ் நிறுவனத்தின் தட்டில் நக்கிள்ஸ் பெயரைத் தாங்கி வந்தது. ஹவுஸ் இசைக்கலைஞர்களான லேரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் தங்கள் பாட்டுகளின் உரிமைக்காக 2020இல் அதே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் சமரசம் ஏற்பட்டு உரிமை அவர்களிடம் திரும்பியது. 1980களில் செய்த வேலைக்கு நீதி வர முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயின.

டெட்ராய்ட் வேறு வழியில் போனது. ஜுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் உருவாக்கிய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு முகத்தை மறைத்து, ஒலியை முன்வைத்தது. சப்மெர்ஜ் என்ற அமைப்பின் வழியாக விநியோகத்தையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டது. டிஜே கெல்லி ஹாண்ட் 1990இலேயே சொந்த லேபிள் நடத்தினார். ஆண்கள் நிறைந்த அந்தத் தொழிலில் அவர் கட்டிய வாழ்க்கையை டெட்ராய்ட் நகரமன்றம் 2017இல் பாராட்டியது.

பயணம்

1987 ஜனவரியில் சிகாகோ டிஜே ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு சிகாகோ நகரம் மது விற்காத கூடங்களுக்கும் மூடும் நேரம் விதித்தது. செப்டம்பரில் பாரடைஸ் கராஜ் மூடியது. சொந்த ஊரில் கூடம் சுருங்க, கடல்கடந்த ஊரில் கூட்டம் பெருகியது. டிஜேயின் பிழைப்பு விமானச் சீட்டுக்கு மாறியது. பிறகு வந்த பெரிய கிளப்புகள், பத்திரிகைத் தரவரிசைகள், சிடி இயந்திரங்கள், கணினி மென்பொருள்கள் எல்லாம் அந்த மாற்றத்தை வேகப்படுத்தின. பத்து மணி நேரத்தை ஒருவரே நடத்திய காலம் போய், இரண்டு மணி நேரம் இசைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறப்பவரே தொழிலின் முகமானார். வருமானம் உயர்ந்தது உண்மை. தவறிப்போகும் சுதந்திரம் அதற்கு விலையாகப் போயிற்று என்றே நினைக்கிறேன்; புதிய ஊரில் களம் காலியானால் அங்கே நான்காம் முறை கிடையாது.

நக்கிள்ஸ் நியூயார்க் திரும்பினார். ‘ஃபார் த ரெக்கார்டு’ நடத்திய அதே ஜூடி வைன்ஸ்டைன் டிஜே டேவிட் மொராலஸுடன் அமைத்த டெஃப் மிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, பெரிய நட்சத்திரங்களின் பாட்டுகளுக்கு ரீமிக்ஸ் செய்தார். தட்டு வாங்கக் காத்திருந்தவர்களுக்காகப் பிறந்த ஏற்பாட்டின் அனுபவம், அவர்களுக்கு ஊதியம் பேசித் தரும் நிறுவனமாக வளர்ந்தது. 1998இல் ஆண்டின் சிறந்த ரீமிக்ஸருக்கான கிராமி விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் நக்கிள்ஸ்.

அவர் 2014 மார்ச் 31 அன்று காலமானார். வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தைச் சிகாகோ நகரமன்றம் 2023 ஜூனில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. அவர் கைபட்ட இசைத்தட்டுகள், சுமார் ஐயாயிரம், அந்நகரின் தென்பகுதியில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் இயங்கும் ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் காப்பகத்தில் இருக்கின்றன.