நடுகல்லில் இல்லாத வரிகள்

எனக்குச் சோறு போடுவது டேட்டாபேஸ். ஒரு பெட்டியில் பெயர், இன்னொன்றில் தேதி என்று மனிதர்களைக் கட்டம் கட்டி அடைக்கிற வேலை. ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் எங்கள் ஜில்லாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்போது காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இருந்தது. வரிசையாக நம் ஊர்ப் பெயர்கள் வந்தன. பெயர், பதவி, எண், படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவிடம். பல பதிவுகளில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர்.

இந்த மாதிரி பதிவுகளிலேயே பெரிய பெயர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. ராணுவத்தில் அவர்களுக்கு இன்றைக்கும் செல்லப் பெயர் ‘தம்பி’.

1944 மே 18இல் இத்தாலியின் மோன்தே கசீனோ விழுந்தது. ஜூன் 4இல் ரோம். சண்டை வடக்கே நகர்ந்துவிட்டது. ஆனால் அது கடந்துபோன மண்ணில் கண்ணிவெடிகள் அப்படியே கிடந்தன. கசீனோவுக்குத் தெற்கே மின்யானோ என்ற ஊர்ப் பக்கம், ஜூன் 24ஆம் தேதி சுப்பிரமணியனின் குழு வெடிகளை அகற்றிக்கொண்டிருந்தது. கூட வந்த ஒருவர் தெரியாமல் ஒன்றை மிதித்துவிட்டார். அது மிதித்ததும் வெடிக்காமல், சில நொடிகள் கழித்து வெடிக்கிற ரகம். தொழில் தெரிந்தவருக்கு அந்தச் சில நொடியின் அர்த்தம் தெரியும். ஓடலாம், படுக்கலாம். சுப்பிரமணியன் அந்த வெடியின் மேலேயே விழுந்தார். சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். 1940இல் உருவான விருது அது. எதிரியின் துப்பாக்கிக்கு நேராக அல்லாமல் காட்டிய வீரத்துக்குத் தருவது, மதிப்பில் விக்டோரியா கிராஸுக்குச் சமம். அதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் என்று ராணுவ வரலாறுகள் இவரைக் குறிக்கின்றன. இத்தாலியின் சாங்க்ரோ ஆற்றுப் பக்கம், அங்கே எரியூட்டப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னத்தில் இவர் பெயரும் இருக்கிறது. நான் காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். ஒருதடவைகூட இந்தப் பெயர் என் காதில் விழவில்லை.

திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. இந்த டேட்டாபேஸ் புதுசே இல்லை. நம்மிடம் ஆயிரத்து நானூறு வருஷமாக இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்துப் பாருங்கள். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த மாட்டை மீட்கப் போனான், பட்டான். அதே கட்டங்கள்! எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்மன் காலத்தில் எருமைகளைக் காக்கப்போய் இறந்த ஒருவனோடு, கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயும் பதிவாகியிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். நாய்க்குப் பெயர் இருக்கிறது, பெண்டாட்டிக்கு இல்லை. ஆணையத்தின் பதிவு ஒரு படி மேலே போய் மனைவியைச் சேர்த்திருக்கிறது. ஆனால் கல்லோ, சர்வரோ, இரண்டும் பேசுவது சாவை மட்டும்தான்.

அப்படியென்றால் வாழ்ந்ததை எந்தக் காகிதம் பேசும்? எதிர்பாராத இடத்தில் பதில் கிடைத்தது: அமெரிக்கப் புல்வெளி நிலங்களின் கோப்புகள். 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். உள்நாட்டுப் போரில் வடக்குக்காகச் சண்டை போட்டவர்கள், படையில் இருந்த காலத்தை அந்த ஐந்து வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதை மறந்துவிட வேண்டாம். என்னை நிறுத்தியது வேறு விஷயம். பட்டா வாங்கச் சாட்சிகளோடு போய் நிரூபிக்க வேண்டும். எப்போது குடிவந்தாய், வீடு எத்தனை அடி, எவ்வளவு உழுதாய், குடும்பத்தில் யார் யார். அதனால் ஒரு சாதாரண சிப்பாயின் கோப்பில் அவன் சண்டை போட்டதும் இருக்கிறது, கிணறு வெட்டியதும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஆவணக்காப்பகத்தில் அதை எடுத்துப் படிக்கிறார்கள்.

நம் அடங்கலில் சர்வே எண் இருக்கும், பயிர் இருக்கும். உழுதவன் வீட்டில் யார் யார் என்று அது கேட்டதில்லை. நம்மூரில் அந்த வேலையைச் செய்வது டிரங்குப் பெட்டிகள்தான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. பாட்டியின் அண்ணன் அதே போரில் பர்மாப் பக்கம் போய் உயிரோடு திரும்பினவர். திரும்பியதால் எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. பெட்டியில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், ஒரு தாய்ப் பத்திரம், கறுத்துப்போன ஒரு பதக்கம். புத்தகத்தில் உயரம், மார்பளவு, அங்க அடையாளம், நடத்தை ‘நல்லது’. இந்தத் தடவை லீவில் போனபோது போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, அவரைப் பத்திச் சொல்லு பாட்டி என்றேன்.

“என்னத்தடா சொல்ல? வந்ததும் தறிக்குத்தான் போனாரு. ஆனா மொத ஆறு மாசம் தறிக்குழியில கால எறக்கவே மாட்டேன்னுட்டாரு. அப்பா திட்டுவாரு. அண்ணன் குழியவே பாத்துக்கினு மேல குந்தினு இருக்கும். அப்புறம் ஒருநாள் அம்மா போயி மொதல்ல குழியில எறங்கி நின்னாங்க. அதுக்கப்புறம்தான் அது எறங்குச்சு.”

பாட்டிக்கு இப்போது எண்பத்தெட்டு. அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து, தேதி போட்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். கீழ் ஒட்டிவாக்கத்திலும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். சுப்பிரமணியனுக்கு என்ன குழம்பு பிடிக்கும், தந்தி வந்த அன்று வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியும் இன்னும் இருக்கலாம். அடுத்த லீவுக்கு அங்கே போவதாக இருக்கிறேன்.