பாடசாலைத் தோட்டத்தில் கணிதமும் மொழியும்: கண்டியிலிருந்து ஒரு பார்வை

மலையகத்தில் ‘தோட்டம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேயிலைத் தோட்டம்தான். சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இல்லாமல் லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுக்கு, கொழுந்துக் கூடையிலிருந்து பிள்ளையை விடுவிக்கும் இடம் பாடசாலை. அங்கும் மண்வெட்டியைக் கொடுப்பதா என்று பெற்றோர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எனவே பாடசாலைத் தோட்டம் வேலைப் பயிற்சியா, கற்கும் வழியா என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும்.

பழைய திட்டம், வேறு நோக்கம்

கண்டிக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் அமைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பாடசாலைகளில் தோட்டத் திட்டம் நடைமுறைக்கு வந்தது; சி. ட்ரீபேர்க் அதன் மேற்பார்வையாளராக இருந்தார். விவசாய அறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்வதே அன்றைய பெரிய நோக்கம்.

வேறொரு மரபும் உண்டு. ஜெர்மனியில் 1840இல் தன் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது சிறுவர் தோட்டம், எனப் பெயரிட்ட ஃபுரோபெல், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி வேண்டும் என்றார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த கல்வித் திட்டம், கைத்தொழிலின் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க முயன்றது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது மரபு.

ஒரே பாத்தி, பல பாடங்கள்

ஆரம்பப் பிரிவில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ ஏற்கெனவே இருப்பதால், இதற்கெனத் தனி நேரசூசி தேவையில்லை.

கணிதம்: 2 மீற்றர் நீள வரிசையில், இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்து, 25 சென்ரிமீற்றருக்கு ஒரு நாற்று நட்டால் எத்தனை நாற்று வேண்டும்? பலர் 8 என்பார்கள். நட்டுப் பார்த்தால் 9. இடைவெளிகள்தான் 8. 20 பயறு விதைத்து 16 முளைத்தால், ஐந்தில் நான்கு என்ற பின்னம் கண்முன்னே நிற்கும்.

மொழி: விதைத்த நாள், முளைத்த நாள், முதல் இலை என்று தினமும் இரண்டு வரி எழுதலாம். வல்லாரை சிங்களத்தில் கொட்டுகொல, கறிவேப்பிலை கரபிஞ்சா. கண்டிச் சந்தையில் நாளும் கேட்கும் இந்தச் சொற்களிலிருந்து இரண்டாம் மொழியைத் தொடங்கலாம்.

விஞ்ஞானம்: ஒரு தட்டில் வெறும் மண்ணையும் மற்றொன்றில் புல் வளர்ந்த மண்ணையும் வைத்துச் சரித்து நீர் ஊற்றுங்கள். எதில் நீர் கலங்கி ஓடுகிறது என்று பார்க்கும் பிள்ளைக்கு மலைச்சரிவில் மரங்கள் ஏன் வேண்டும் என்பது புரியும்.

கவனிக்க வேண்டியவை

தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. நீர் சுமப்பதைப் பெண்பிள்ளைகளுக்கும் மண் கொத்துவதை ஆண்பிள்ளைகளுக்கும் என்று பிரிக்கவும் கூடாது. விளைந்த கீரை வளர்த்தவர்களின் தட்டுக்கே போக வேண்டும். அளக்காமல், எழுதாமல், பேசாமல் செய்யும் தோட்டத்தில் உழைப்பு மட்டுமே மிஞ்சும். பெற்றோரின் அச்சமும் உண்மையாகிவிடும்.

வடக்கு, கிழக்கில் இதைச் செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் தோண்டவே கூடாது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களுக்கோ பொலிசாருக்கோ சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

நிலம் இல்லையென்றால்

அடியில் துளையிட்ட தயிர்ச்சட்டியும் பழைய அரிசிச் சாக்கும் போதும். முளைக்கீரை நான்கு வாரமளவில் பறிக்கத் தயாராகிவிடும். பாடசாலைத் தவணை ஒன்றுக்குள் விதையிலிருந்து அறுவடை வரை பிள்ளைகள் பார்க்கலாம். இன்னும் நிரந்தரக் காணி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் வேறொரு வசதியும் உண்டு: வீடு மாறினாலும் சட்டியில் வளர்த்த செடியைக் கூடவே எடுத்துச் செல்லலாம்.